துப்பறியும் தொடர்களில் ரசிகர்கள் கண்டுபிடிக்கும் இலக்கிய, வரலாற்றுக் குறிப்புகள் உண்மையிலேயே அங்கே இருப்பவையா, நாமாகக் கற்பித்துக்கொள்பவையா?

இரண்டும் உண்டு. எது எது என்று பிரித்துப் பார்ப்பதில்தான் எனக்கு ஆர்வமே.

'ஷெர்லாக்' தொடரின் முதல் எபிசோடிலிருந்து (2010) தொடங்குகிறேன். இறக்கும் தறுவாயில் ஒரு பெண் தரையில் நகத்தால் ஆர், ஏ, சி, எச், ஈ என்று ஐந்து எழுத்துகளைக் கீறி வைத்திருப்பாள். அது ஜெர்மன் மொழியில் 'பழி' என்று பொருள்படும் சொல் என்பார் தடயவியல் ஆள். ஷெர்லாக் அதை ஒதுக்கிவிட்டு, 'ரேச்சல்' என்ற பெயரை எழுதி முடிப்பதற்குள் உயிர் போய்விட்டது என்பான். கோனன் டாயிலின் 1887 நாவலில் இது அப்படியே தலைகீழ். அங்கே சுவரில் ரத்தத்தால் எழுதியிருக்கும். ரேச்சல் என்று நினைப்பவர் போலீஸ்காரர், ஜெர்மன் சொல் என்று திருத்துபவர் ஹோம்ஸ். 'நாவல் படித்திருக்கிறாயா? அந்த விடை இங்கே செல்லாது' என்று முதல் நாளே பார்வையாளரிடம் சொல்லிவிடுகிறார்கள். வாட்சன் விஷயத்தில் மாற்றவே தேவைப்படவில்லை. நாவலின் வாட்சன் 1880-இல் ஆப்கானிஸ்தானில், மைவாந்த் போரில் காயம்பட்ட ராணுவ மருத்துவர். 130 ஆண்டு கழித்து வரும் வாட்சனும் அதே நாட்டிலிருந்துதான் காயத்தோடு திரும்புகிறார். அதைக் கவனித்தபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

என்னை இந்தத் தேடலுக்குள் முழுதாக இழுத்துப் போட்டது 'இன்ஸ்பெக்டர் மோர்ஸ்'. 1987 முதல் 2000 வரை 33 எபிசோடுகள், ஆக்ஸ்ஃபோர்டில் நடக்கும் கதைகள். கடைசி எபிசோடின் பெயர் 'தி ரிமோர்ஸ்ஃபுல் டே'. அதில் ஒரு காட்சி: அந்தி நேரம், மேற்கே வானம் சிவந்திருக்கிறது, பக்கத்தில் உதவியாளர் லூயிஸ். மோர்ஸ் ஒரு கவிதையின் கடைசி வரிகளை மெல்லச் சொல்கிறார். ஏ. இ. ஹவுஸ்மன் எழுதியது. பகல் ரத்தச் சிவப்பாகி மேற்கில் சாய்ந்து மண்ணுக்குள் போவதைப் பற்றிய வரிகள். எபிசோடின் தலைப்பே அங்கிருந்து எடுத்ததுதான். முதல் முறை பார்த்தபோது, சாகப்போகும் மனிதருக்கு ஒரு சோகக் கவிதை என்ற அளவில் கடந்துவிட்டேன்.

இரண்டாம் முறை தலைப்பை எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். ரி-மோர்ஸ்-ஃபுல். நடுவில் அவர் பெயரே உட்கார்ந்திருக்கிறது!

பிறகு ஹவுஸ்மன் யார் என்று தேடிப் படித்தேன். ஆக்ஸ்ஃபோர்டின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் கிரேக்கமும் லத்தீனும் படித்து, 1881-இல் இறுதித் தேர்வில் தோற்றவர். நண்பன் மேல் அவர் வைத்திருந்த அன்பு கைகூடவில்லை. பல ஆண்டுகள் காப்புரிமை அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்த பிறகே பேராசிரியரானார். இந்தத் தொடருக்கு மூலமான காலின் டெக்ஸ்டரின் நாவல்களில் மோர்ஸ் படித்ததும் அதே கல்லூரி, அதே படிப்பு. ஒரு காதல் முறிந்து, பட்டமில்லாமல் வெளியேறியவர். அந்த அந்தியில் மோர்ஸ் தன்னைப் போலவே தோற்றுப்போன ஒருவரின் குரலில் பேசுகிறார். மேலே சொல்வது ஒன்று, உள்ளே வைப்பது இன்னொன்று. நம் இலக்கணத்தில் இதற்கு உள்ளுறை என்று ஒரு சொல் இருப்பதை அன்றுதான் மனதார உணர்ந்தேன். அதற்குப் பிறகு அந்தக் காட்சியை அழாமல் நான் பார்த்ததில்லை.

டெக்ஸ்டர் குறுக்கெழுத்துப் பைத்தியம். அதனால் பெயர்களைத் தோண்டினால் ஏதாவது கிடைக்கும் என்று எல்லோரும் தோண்டுவோம். நானும் ஒரு நாள் ஏமாந்தேன். தொடரின் முகப்பு இசையில் மோர்ஸ் என்ற பெயரே தந்திக் குறியீடாக ஒலிக்கும், இசையமைப்பாளர் பாரிங்டன் ஃபெலங் வேண்டுமென்றே செய்தது. ஆகவே பாத்திரத்தின் பெயரும் தந்தி கண்டுபிடித்த சாமுவேல் மோர்ஸிடமிருந்து வந்தது என்று நண்பர்களிடம் அடித்துச் சொன்னேன். தவறு. குறுக்கெழுத்துப் போட்டிகளில் கொடிகட்டிப் பறந்த வங்கித் தலைவர் ஜெரமி மோர்ஸின் பெயரைத்தான் டெக்ஸ்டர் எடுத்துக்கொண்டார். முதல் நாவல் 1975-இல் வந்துவிட்டது. இசை சேர்ந்ததோ பன்னிரண்டு ஆண்டு கழித்து. பொருத்தமாக இருப்பதெல்லாம் காரணமாகிவிடாது.

அதிலிருந்து எனக்கு ஒரே சோதனைதான்: இந்தக் குறிப்பை அறிந்த பிறகு காட்சி மாறுகிறதா? ஹவுஸ்மன் தேறுகிறார், சாமுவேல் மோர்ஸ் தேறவில்லை. 'ட்ரூ டிடெக்டிவ்' முதல் சீசன் (2014) வந்தபோது 'மஞ்சள் மன்னன்', 'கார்கோசா' என்ற சொற்களைப் பிடித்துக்கொண்டு பலர் ராபர்ட் சேம்பர்ஸின் 1895 கதைத் தொகுப்பைத் தேடி வாங்கினார்கள். கொலைகாரன் யார் என்ற விடை அதில் இல்லை. ஆனால் அந்தக் கதைகளின் திகில் தொடர் முழுக்கப் பரவிக் கிடக்கிறது, படித்தவர்களுக்கு அது நன்றாகவே தெரியும். அதனால் அதுவும் என் கணக்கில் தேறியதுதான்.

நீங்களும் தேட விரும்பினால் எபிசோடின் தலைப்பு, பாத்திரப் பெயர்கள், மேசையில் கிடக்கும் புத்தகங்கள், இந்த மூன்றிலும் கண் வையுங்கள். சப்டைட்டில் போட்டுப் பார்த்தால் பெயர்கள் தப்பாது. இளம் மோர்ஸின் கதையான 'எண்டெவர்' (2012-இல் வந்த முதல் படம்) நல்ல தொடக்கம். அதில் டாரதியா ஃபிரேசில் என்று ஒரு பத்திரிகை ஆசிரியர் வருவார். ஃபிரேசில் என்றால் ஓடும் நீரில் உருவாகும் நுண்ணிய பனித்துகள். முதலெழுத்தைச் சேர்த்து டி. ஃபிரேசில் என்று சொல்லிப் பாருங்கள், ஆங்கிலத்தில் பனியை நீக்கு என்று பொருள் வரும். பனி உருகுவதற்கு ஆங்கிலச் சொல் தா. அந்தப் பாத்திரத்தில் நடிப்பவர் அபிகெய்ல் தா, பழைய மோர்ஸாக வாழ்ந்த ஜான் தாவின் மகள். 2002-இல் அப்பா காலமாகிப் பத்து ஆண்டு கழித்து, இளம் மோர்ஸைப் பார்த்து, நாம் இதற்குமுன் சந்தித்திருக்கிறோமா என்று கேட்பார்.