புதுக் கார் இருக்கும்போது பழைய மசில் காருக்கு எதற்கு இவ்வளவு காசு?

கேள்வி இதுதான்: இன்றைய கார் வேகமாகப் போகிறது, ஏசி இருக்கிறது, மைலேஜ் கொடுக்கிறது. அப்புறம் ஏன் அமெரிக்காவில் 1960களின் மசில் கார்களுக்கு, அதாவது நடுத்தர அளவு உடம்பில் பெரிய இன்ஜின் வைத்த கார்களுக்கு, இன்னும் இந்த மவுசு? வைத்திருப்பவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

வைத்திருக்கிறேன், சொல்கிறேன். 1969 போன்டியாக் லெமான்ஸ், 350 கன அங்குல வி-8 (V வடிவில் எட்டு சிலிண்டர்) இன்ஜின், கரும்பச்சை நிறம். டெட்ராய்ட்டுக்கு வடக்கே ஒரு புறநகரில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன், அதில் ஏழு வருடமாக இந்தக் கார் என் கராஜில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. மீதிப் பாதியில் அதன் சாமான்கள் கிடக்கின்றன. தினமும் ஆபீஸ் போகிற கார் வெளியே பனியில் நிற்கிறது, அதைப் பற்றி வீட்டில் பேச்சே எடுப்பதில்லை.

முதலில் நீங்கள் சொன்னதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். காராகப் பார்த்தால் இது மட்டமான கார். நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், அதுவும் அந்தக் காலத்தில் பெரும்பாலான கார்களுக்கு வழக்கம்தான், ஆனால் மழையில் நனைந்த பிறகு மிதித்தால் “யோசித்துச் சொல்கிறேன்” என்கிற மாதிரி ஒரு பதில் வரும். ஒருமுறை சிக்னலில் முன்னால் நின்ற பிக்கப் டிரக்குக்கும் எனக்கும் நடுவில் ஒரு சாண்தான் மிச்சம். தப்பு என்னுடையதுதான், புதுக் கார் ஓட்டுகிற இடைவெளியில் இதை ஓட்டினேன். பெட்ரோல் லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் கொடுத்தால் அன்றைக்கு நல்ல நாள், யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான். வேகமும் நினைக்கிற அளவுக்கு இல்லை, பக்கத்தில் சத்தமே இல்லாமல் வந்து நிற்கிற எலெக்ட்ரிக் கார்காரன் பச்சை விழுந்ததும் என்னை விட்டுவிட்டுப் போய்விடுவான்.

அந்தக் காலக் குதிரைத்திறன் கணக்கும் கொஞ்சம் ஊதிச் சொன்னதுதான். 1971 வரை ஏர் ஃபில்டர், சைலன்சர் என்று எதையும் மாட்டாமல் இன்ஜினை மட்டும் ஸ்டாண்டில் ஏற்றி அளந்து விளம்பரத்தில் போட்டார்கள். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நடந்து காட்டுகிற மாதிரி. 1972ல் எல்லாம் மாட்டிய நிலையில் அளக்கிற முறைக்கு மாறினார்கள், செவ்ரலேயின் 350 இன்ஜின் ஒன்று முந்தின வருடம் 245 குதிரைத்திறன் என்று இருந்தது 165 ஆகிவிட்டது. முக்கால்வாசி கணக்குப்பிள்ளை வேலை. அதனால் யாராவது “அந்தக் காலத்து 400 குதிரை” என்று ஆரம்பித்தால் கொஞ்சம் கழித்துக்கொண்டே கேளுங்கள்.

சரி, அப்புறம் எதற்கு வைத்திருக்கிறாய் என்றால், காலையில் ஒருமுறை வந்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். சாவியைத் திருப்புவதற்கு முன்னால் ஆக்ஸிலேட்டரை ஒருமுறை தரை வரை அழுத்தி விட வேண்டும், அப்போதுதான் காற்றையும் பெட்ரோலையும் கலக்கிற கார்புரேட்டர் மேலே இருக்கிற சோக் தகடு மூடிக்கொள்ளும். பிறகு சாவி. செல்ஃப் மோட்டார் இரண்டு மூன்று சுற்று முனகும், சட்டென்று பிடித்துக்கொள்ளும், கராஜ் கதவு அதிரும், மூக்கில் பச்சைப் பெட்ரோல் வாசனை ஏறும். கொஞ்ச நேரம் கத்திக்கொண்டே நிற்கும். ஒரு நிமிடம் கழித்து ஆக்ஸிலேட்டரை லேசாகத் தட்டிவிட்டால் “ம்ம்” என்று இறங்கி நிதானத்துக்கு வரும். எப்போது தட்டுவது என்பது எந்தப் புத்தகத்திலும் படித்து வருவதில்லை, காதில் வருவது.

அந்தச் சத்தத்துக்கு ஒரு காரணம் உண்டு, எனக்கு அது ரொம்பப் பிடித்த விஷயம், அதனால் கொஞ்சம் இழுக்கிறேன். வி-8ல் இடது பக்கம் 1, 3, 5, 7, வலது பக்கம் 2, 4, 6, 8 என்று சிலிண்டர்கள். என் இன்ஜினில் சிலிண்டருக்குள் பெட்ரோல் வெடிக்கிற வரிசை 1-8-4-3-6-5-7-2. இதை இடது வலது என்று எழுதிப் பாருங்கள்: இடது, வலது, வலது, இடது, வலது, இடது, இடது, வலது. அதாவது மாற்றி மாற்றி ஒழுங்காக வெடிக்காமல், சில இடத்தில் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு வெடிக்கிறது. இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிப் புகைக் குழாய் என்பதால் ஒவ்வொரு குழாயிலும் தாளம் தப்பித் தப்பி வருகிறது. அந்தத் தப்பல்தான் அந்தக் ‘கடகட’ உறுமல்.

இப்போது அசல் கேள்விக்கு வருகிறேன். நாஸ்டால்ஜியா என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போய்விடலாம், ஆனால் எதன் மேல் ஏக்கம் என்று பார்த்தால் கார் மேல் மட்டும் இல்லை. பாதி ஏக்கம் அன்றைய விலை மேல்தான் என்பது என் கட்சி.

1964 மாடல் கார்களுக்காக, ஜெனரல் மோட்டார்ஸின் பிராண்டான போன்டியாக்கில் தலைமை இன்ஜினியர் ஜான் டிலோரியனும் கூட இருந்த இன்ஜினியர்களும் ஒரு வேலை செய்தார்கள். நடுத்தர அளவுக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் வைக்கக் கூடாது என்பது ஜெனரல் மோட்டார்ஸ் விதி. இவர்கள் பெரிய காருக்கான 389 இன்ஜினைத் தூக்கி டெம்பெஸ்ட் லெமான்ஸில் வைத்து, தனி மாடல் என்று சொல்லாமல், விருப்பப்பட்டால் கூடக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று ஆப்ஷன் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். விதி மாடலுக்குத்தானே, ஆப்ஷனுக்கு இல்லையே! அதுதான் ஜி.டி.ஓ. முதல் வருடமே 32,000க்கு மேல் விற்றது. போர் முடிந்ததும் 1946ல் பிறந்த குழந்தைகளுக்கு அப்போதுதான் பதினெட்டு வயது, லைசென்ஸ் கையில் இருக்கிறது, ஆலையில் வேலையும் இருக்கிறது. 1968ல் பிளிமத் ரோட் ரன்னர் இன்னும் ஒரு படி போனது. உள்ளே அலங்காரம் ஒன்றும் கிடையாது, தரையில் ரப்பர் விரிப்பு, முன்னால் பெஞ்ச் சீட், 383 இன்ஜின், விலை 2,900 டாலருக்குக் கீழே. கார்ட்டூன் பறவையின் பெயருக்காக வார்னர் பிரதர்ஸுக்கு 50,000 டாலர் கொடுத்தவர்கள், விரிப்புக்குச் செலவு செய்யவில்லை.

என் பக்கத்து வீட்டுக்காரர் அந்தத் தலைமுறை. ஒரு உதிரிபாக ஆலையில் டூல் அண்ட் டை (கருவியும் அச்சும் செய்கிற) வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1968ல் கட்டாய ராணுவச் சேவைக்கு அழைக்கப்பட்டு வியட்நாம் போய், 1970ல் திரும்பி வந்து, ராணுவத்தில் சேர்ந்திருந்த சம்பளத்தில் ஒரு வருடம் ஓடின ஜி.டி.ஓ ஒன்றை ரொக்கமாகக் கொடுத்து வாங்கியிருக்கிறார். “புதுசே வாங்கியிருந்தாலும் ஒரு வருடச் சம்பளத்தில் பாதிதான்” என்பார். தெருவிலேயே வேகமான கார், இருபத்திரண்டு வயது ஆலைத் தொழிலாளி ஒருவன் கையில். இன்றைக்கு அந்த வயதில் அந்த வேலையில் இருக்கிற பையன் தெருவிலேயே வேகமான காரை வாங்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள், இந்தக் கார்களின் ஏலத்தில் நரைத்த தலைகள் ஏன் கையைத் தூக்கிக்கொண்டே இருக்கின்றன என்பது புரிந்துவிடும்.

கூத்து அதிக நாள் நீடிக்கவில்லை. இளைஞர்களுக்கு இன்சூரன்ஸ்காரர்கள் பிரீமியத்தை ஏற்றினார்கள், 1970ல் காற்று மாசுச் சட்டம் வந்தது, 1973 அக்டோபரில் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை வந்து பெட்ரோல் பங்கில் வரிசை நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் 1975ல் இரண்டாவது குழந்தை பிறந்ததும் ஜி.டி.ஓவை விற்றுவிட்டு ஸ்டேஷன் வேகன் வாங்கிவிட்டார்.

நான் வாங்கப் போன கதையில் அவருக்குத்தான் பெரிய பங்கு. ஒருவர் “1969 ஜி.டி.ஓ, 38,000 டாலர்” என்று விளம்பரம் கொடுத்திருந்தார். மூக்கில் குரோம் பம்பருக்குப் பதில் ஜி.டி.ஓவின் ரப்பர் மாதிரியான பம்பர், பானெட்டில் காற்றுத் துளைகள், பக்கத்தில் எழுத்துகள், எல்லாம் சரியாக இருந்தன. நான் மயங்கிப்போய் நிற்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் காரைச் சுற்றிக்கூட வரவில்லை. நேராக டிரைவர் பக்கம் போய்க் கையால் வெயிலை மறைத்துக்கொண்டு, கண்ணாடி வழியாக டேஷ்போர்டு ஓரத்தில் சேஸிஸ் நம்பர் இருக்கிற சின்னத் தகட்டைப் படித்தார். “இரண்டு, மூன்று, ஏழு” என்றார். அவ்வளவுதான். ஜி.டி.ஓ என்றால் நம்பர் 242 என்று ஆரம்பிக்க வேண்டும், 237 என்றால் லெமான்ஸ். சாதாரணக் காருக்கு வேஷம் கட்டியிருக்கிறார்கள். விற்பவர் “எனக்கும் அப்படித்தான் சொல்லி விற்றார்கள்” என்று சத்தியம் செய்தார், இருக்கலாம். ஒரு மாதம் கழித்து அவரே கூப்பிட்டு 19,000க்கு இறங்கினார், வாங்கிவிட்டேன். வேஷமோ என்னவோ, இன்ஜின் உறுமுவது உண்மைதானே.

ஆனால் அன்று காந்தம் எடுத்துப் போகவில்லை. எடுத்துப் போயிருந்தால் பின்சக்கரத்துக்கு மேலே காந்தம் ஒட்டாமல் கீழே விழுந்திருக்கும். இங்கே குளிர்காலத்தில் ரோட்டில் உப்புக் கொட்டுவார்கள், அது தகரத்தை அடியிலிருந்து தின்னும். என் காரில் துரு தின்ன இடத்தை எல்லாம் விரல் கனத்துக்குப் பட்டி பார்த்து மேலே பெயிண்ட் அடித்திருந்தார்கள். இரண்டாவது கோடையில் வெடிப்பு விட்டது, சுரண்டினேன், கை உள்ளே போய்விட்டது. டிங்கரிங் வேலைக்கு ஆன செலவை இங்கே எழுதப் போவதில்லை, மனைவி இந்தத் தளம் படிக்கிறாள்.

மிச்சிகனில் பழைய வண்டிக்கென்று தனி நம்பர் பிளேட் உண்டு, கண்காட்சி, ஊர்வலம், கிளப் வேலைகளுக்கு மட்டும்தான் எடுக்கலாம், ஆனால் ஆகஸ்ட் மாதம் முழுக்க எப்படி வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்ளலாம். காரணம் டெட்ராய்ட்டின் உட்வர்ட் அவென்யூ. 60களில் பையன்கள் ராத்திரியில் ரேஸ் விட்ட ரோடு. ஃபெர்ன்டேல் ஊரில் கால்பந்து மைதானத்துக்குப் பணம் திரட்டுவதற்காக 1995ல் ஆரம்பித்த அணிவகுப்பு, இப்போது ஒவ்வொரு ஆகஸ்ட்டும் மூன்றாவது சனிக்கிழமை போன்டியாக் நகரம் வரை ரோடே நிரம்பி வழிகிறது. மக்கள் காலையிலேயே மடக்கு நாற்காலியும் ஐஸ் பெட்டியுமாக ஓரத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். நம் ஊரில் தேர் பார்க்க இடம் பிடிக்கிற மாதிரிதான், இங்கே தேர் கொஞ்சம் அதிகம், அவ்வளவே.

அங்கே காரை நிறுத்திவிட்டு நின்றால் ஒரு மணி நேரத்தில் பத்துப் பேராவது வந்து ஒரே வாக்கியத்தைச் சொல்வார்கள்: “என்னிடமும் ஒன்று இருந்தது, விற்றிருக்கக் கூடாது.” எனக்குப் பதில் தெரியாது, தலையாட்டுவேன். சிலர் ஜன்னல் வழியாகக் குனிந்து மூச்சை உள்ளே இழுப்பார்கள். வினைல் சீட்டும் பழைய கார்ப்பெட்டும் சேர்ந்த வாசனை. எனக்கு அது பழைய கார் நாற்றம், அவர்களுக்கு என்னவென்று அவர்களுக்குத்தான் தெரியும்.

இந்த இடத்தில் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஏக்கம் என்னுடையது இல்லை. 1969ல் நான் பிறக்கவே இல்லை. எனக்குள் இருப்பது அப்பாவின் ஸ்கூட்டர்: மழைக்காலக் காலையில் ஸ்டார்ட் ஆகாமல் மக்கர் பண்ணும், அப்பா ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்து, சோக்கை இழுத்து, உதைப்பார், நான் ஸ்கூல் பையோடு திண்ணையில் நிற்பேன். கராஜில் பெட்ரோல் வாசனை ஏறும்போது எனக்கு உட்வர்ட் ஞாபகம் வருவதில்லை, அந்தத் திண்ணைதான் வருகிறது. வேறு யாருடைய பழைய காரோ என் பழைய நாளைத் தொடுகிறது, எப்படி என்று கேட்காதீர்கள்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று பேசுகிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. ஈயம் கலந்த பெட்ரோல், 1972ல் மட்டும் சாலை விபத்துகளில் 54,000 பேருக்கு மேல் சாவு, 1967 ஜூலையில் இதே டெட்ராய்ட்டில் நடந்த கலவரத்தில் 43 பேர். உட்வர்டில் ராத்திரி ரேஸ் விட்ட பையன்களில் சிலர் வியட்நாமிலிருந்து திரும்பவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் அவர்கள் பெயரை எப்போதாவதுதான் சொல்வார்.

அவருக்குப் போன வருடம் கண் மங்கிவிட்டது, ஓட்டுவதில்லை. ஞாயிறு காலை நான் ஸ்டார்ட் செய்கிற சத்தம் கேட்டால் காபிக் கோப்பையோடு வேலி ஓரம் வந்து நிற்பார், நான் ஒன்றும் கூப்பிடுவதில்லை. போன மாதம் அப்படித்தான் வந்தவர், கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “ஐந்தும் ஏழும் உரசுது, பார்” என்றார். திறந்து டார்ச் அடித்தேன். வெடிக்கிற வரிசையிலும் அடுத்தடுத்து, இடத்திலும் அடுத்தடுத்து இருக்கிற அந்த இரண்டு பிளக் ஒயர்களும் கிளிப்பிலிருந்து நழுவி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஒன்றின் மின்சாரம் இன்னொன்றில் பாய்கிறது. அணைத்துவிட்டு, பிரித்துக் கிளிப்பில் மாட்டி, மறுபடி ஸ்டார்ட் செய்தேன். அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். காபி ஆறிப்போயிருக்கும், மீதியைப் புல்லில் ஊற்றிவிட்டு உள்ளே போனார்.