படகு போகாத நாளே உங்கள் ஆபீஸ் நாள்

கேள்வி: தங்கச்சிமடத்தில் கருவாட்டு வியாபாரம் செய்கிறேன். விடியற்காலை நாலு மணிக்கு ஏலத்துக்குக் கிளம்பினால் இரவு பத்து வரை ஓய்வில்லை. உப்புப் போடுவது, காயவைப்பது, ஆட்களுக்குக் கூலி, மதுரைக்கும் கேரளாவுக்கும் மூட்டை அனுப்புவது, ரோட்டோரக் கடை, எல்லாம் என் தலையில்தான். ஆனாலும் ஜிஎஸ்டி தேதி தவறிவிடுகிறது, வரவேண்டிய பாக்கி மறந்துபோகிறது. நேரத்தைத் திட்டமிட ஒரு ஆப் போடச் சொல்கிறான் மகன். 'பாஸ்வேர்டும் ஓடிபியும் கொடுங்கள், மாதம் 2,500 ரூபாய்க்கு எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன்' என்கிறார் ஒருவர். எதைச் செய்வது?

பதில்: ஓடிபி கொடுக்காதீர்கள் அம்மா. அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன். முதலில் நேரம்.

நேர மேலாண்மை என்று ஊரெல்லாம் சொல்லித்தருவது பத்து மணிக்கு ஆபீஸ் போய் ஆறு மணிக்குத் திரும்புகிறவர்களுக்கானது. காலையில் பட்டியல் போடு, ஒவ்வொன்றாக முடி என்பார்கள். ஏலம் எப்போது முடியும், வெயில் எத்தனை மணிக்கு மூடும் என்று தெரியாதவருக்கு அந்தப் பட்டியல் மத்தியானமே செத்துப்போகும். ஆப் போட்டாலும் அதே கதைதான். செய்யாத வேலைகளைச் சிவப்பில் காட்டி வயிற்றெரிச்சலைக் கிளப்பும், அவ்வளவே.

உங்கள் நாட்களை நீங்கள் பிரிக்க வேண்டாம், கடல் ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறது. விசைப்படகுகள் திங்கள், புதன், சனி போகின்றன. மறுநாள் காலை கரை திரும்புகின்றன. செவ்வாய், வியாழன், ஞாயிறு உங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அந்த நாட்களில் காகித வேலை எதையும் தொடாதீர்கள், தொட்டாலும் தப்பாகத்தான் வரும். வெள்ளிக்கிழமை அப்படியில்லை. விசைப்படகு மீன் வராது. வியாழன் உப்பில் போட்டதைக் காலையில் விரித்துவிட்டால், புரட்டிப்போடும் வரை கை சும்மாதான் இருக்கும். பேங்க் திறந்திருக்கும், அரசு அலுவலகமும் திறந்திருக்கும். சனிக்கிழமை என்று வைத்தால் இரண்டும் நிச்சயமில்லை. ஆகவே வெள்ளி பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை, கடையைப் பார்த்துக்கொள்ள மகனை உட்காரவைத்துவிட்டு நீங்கள் கணக்கில் உட்காருங்கள். இராமநாதபுரம் போகிற வேலை இருந்தாலும் அன்றே போங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் பக்கம் போய்விடாதீர்கள், குறைதீர் நாள் கூட்டத்தில் யாரையும் பார்க்க முடியாது.

அப்புறம் சொல்லாமல் வருகிற ஓய்வு நாட்கள். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால், கடலுக்குப் போக மீன்துறை தரும் அனுமதி டோக்கனை நிறுத்தினால், மீனவர்கள் வேலைநிறுத்தம் செய்தால் ஜெட்டியே காலி. அன்று என்ன செய்வதென்று தெரியாமல்தான் பாதி ஊர் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறது. வீட்டுச் சுவரில் ஓர் அட்டையை மாட்டி, 'படகு போகாத நாள்' என்று தலைப்புப் போட்டு, தள்ளிப்போட்ட வேலைகளை நினைவு வரும்போதெல்லாம் எழுதி வாருங்கள். தராசுக்கு முத்திரை, கிழிந்த தார்ப்பாய், பேங்க் பாஸ்புக், திரும்பி வராத காலிச் சாக்குகள். கூண்டு ஏறியதும் அட்டையைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்துக்கு இன்னோர் அட்டை. வருடக் கணக்கு முடிப்பு, லைசென்ஸ் புதுப்பிப்பு, காயவைக்கும் தளத்துக்குச் சிமெண்ட் பூச்சு என்று பெரிய வேலைகள் அதில் போகட்டும்.

பாக்கிக்கு ஆளுக்கு ஒரு பக்கம் வைத்து ஒரே நோட்டு போதும். வெள்ளிக்கிழமை அதைத் திறந்து பாக்கிக்காரர்களுக்குப் போன் போடுங்கள். நாள் முழுக்க விலை கேட்டுப் போன் வருகிறதென்றால், ஏலம் முடிந்ததும் நெத்திலி இவ்வளவு, சாவாளை இவ்வளவு, திருக்கை இவ்வளவு என்று வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியாக எல்லா வியாபாரிக்கும் அனுப்பிவிடுங்கள். பாதி அழைப்பு குறையும்.

சரி, ஜிஎஸ்டி. நீங்கள் கேட்காத ஒரு கேள்வியை நான் கேட்கிறேன்: உங்களுக்கு ஜிஎஸ்டி பதிவு நம்பர் தேவையா? கருவாட்டை மூட்டையாகவோ, வாடிக்கையாளர் கண்ணெதிரே எடைபோட்டோ சில்லறையாக விற்றால் வரி கிடையாது. வரியில்லாத சரக்கை மட்டுமே விற்பவர், எத்தனை லட்சத்துக்கு விற்றாலும், கேரளாவுக்கே அனுப்பினாலும் பதிவு எடுக்கத் தேவையில்லை. இதைச் சொல்லாமலேயே பதிவு எடுத்துக் கொடுத்துவிட்டு மாதாமாதம் கூலி வாங்குகிறவர்கள் இந்தக் கரையில் நிறைய.

இதில் ஒரு விலக்கு உண்டு, கவனமாகப் படியுங்கள். கால் கிலோ, அரைக் கிலோ என்று முன்கூட்டியே எடைபோட்டு, மூடி, லேபிள் ஒட்டி அடுக்கி வைத்தால் அது வேறு சரக்கு. அதற்கு 5 சதவீதம் வரி. வாங்க வந்தவர் கேட்ட பிறகு அள்ளி எடைபோட்டு வெறும் கவரில் கட்டிக் கொடுத்தால் அது பாக்கெட் ஆகாது. கவர் போட்டாலே வரி என்று பயமுறுத்துவார்கள், நம்பாதீர்கள். 25 கிலோவுக்கு மேலான மூட்டையும் இந்தக் கணக்கில் வராது. லேபிள் பாக்கெட் விற்றாலும், சில்லறை, மூட்டை எல்லாம் சேர்த்து ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குள் இருந்து, அந்தப் பாக்கெட்டைத் தமிழ்நாட்டுக்குள் மட்டுமே விற்றால் பதிவு கட்டாயமில்லை. லேபிள் பாக்கெட் கேரளாவுக்குப் போனால் மட்டும் முதல் பாக்கெட்டிலிருந்தே பதிவு வேண்டும். ஆக, உங்கள் கடையில் லேபிள் பாக்கெட் இருக்கிறதா, அது எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. கடையில் சங்கு, சிப்பிப் பொம்மை வைத்திருந்தால் அவையும் வரியுள்ள சரக்குதான், அவற்றையும் இதே கணக்கில் பாருங்கள்.

தேவையில்லை என்று முடிவானால் பதிவை ரத்து செய்ய விண்ணப்பியுங்கள். ரத்தான பிறகு 3 மாதத்துக்குள் கடைசி ரிட்டர்ன் (கணக்குத் தாக்கல்) ஒன்று போட வேண்டும். இதைத்தான் இடைத்தரகர்கள் வசதியாக மறந்துவிடுவார்கள், ஒரு வருடம் கழித்து நோட்டீஸ் வரும். பதிவு தேவைப்பட்டால், மாதத் தாக்கலை விட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கலுக்கு மாறுங்கள். 5 கோடி வரை விற்பனை உள்ளவர்களுக்கு அது திறந்திருக்கிறது. மாதத்துக்கு இரண்டு வீதம் வருடத்துக்கு 24 தாக்கல் என்பது 8 ஆகிவிடும். இடைப்பட்ட மாதங்களில் வரி இருந்தால் மட்டும் 25-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். தடைக்காலத்தில் வியாபாரமே இல்லையென்றாலும் 'இல்லை' என்று சொல்லியாக வேண்டும்; விட்டால் நாளுக்கு 20 ரூபாய் ஏறும். அந்த 'இல்லை'யை 14409 என்ற எண்ணுக்கு எஸ்எம்எஸ்ஸிலேயே அனுப்பலாம். விற்காததற்குக்கூட ஒரு தாக்கல், அதற்கும் ஒரு ஓடிபி, அந்த ஓடிபி வருவதற்குள் டவர் போய்விடும். கடைசித் தேதியன்று இணையதளம் சுற்றிக்கொண்டே இருக்கும், ஆனால் தாமதக் கட்டணம் மட்டும் ஒரு நாளும் தாமதமாவதில்லை. எனவே கடைசித் தேதியை மறந்துவிட்டு, அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமையையே உங்கள் தேதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த 2,500 ரூபாய்க்காரர். கணக்கு பார்க்க ஆள் வைப்பதில் தப்பில்லை, நானே அந்தத் தொழில்தான். வைக்கும் ஆள் சாவியைக் கேட்கக்கூடாது. தொண்டிப் பக்கம் ஐஸ் வியாபாரம் செய்யும் ஒருவர் என்னிடம் வந்தார். அவருடைய பதிவில் இருந்த போன் நம்பரும் மின்னஞ்சலும் தரகருடையவை. தரகர் ஊரைவிட்டுப் போனதும் தன் கணக்கையே திறக்க முடியவில்லை. வரி அலுவலரிடம் எழுதிக் கொடுத்து நம்பரை மாற்ற வழி இருக்கிறது, மாற்றினோம். ஆனால் அதற்கு எத்தனை நடை! ஒரு நாள் அலுவலர் இல்லை, ஒரு நாள் சர்வர் இல்லை, ஒரு நாள் ஆதார் நகலில் கையெழுத்து இல்லை. முதல் நாளே பார்த்துச் சொல்லியிருந்தால் ஒரே நடையில் முடிந்திருக்கும்.

சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவான உத்யம் சான்றிதழைப் புதுப்பிக்கப் பணம் கட்டுங்கள் என்று உங்களுக்கும் போன் வந்திருக்கும், இனியும் வரும். அந்தப் பதிவு இலவசம், புதுப்பிப்பு என்று ஒன்றே கிடையாது. உத்யம் பதிவுக்கான அரசுத் தளத்தின் முகவரி கவ் டாட் இன் என்று முடியும்; அப்படி முடியாததை நம்பாதீர்கள், எவ்வளவு அசோகச் சின்னம் போட்டிருந்தாலும்.

இந்த வெள்ளிக்கிழமை வேறு எதையும் தொடாமல் மகனை உட்காரவைத்து ஜிஎஸ்டி தளத்தைத் திறந்து, பதிவில் இருப்பது யாருடைய நம்பர் என்று மட்டும் பாருங்கள். உங்கள் நம்பராக இருந்தால் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, அடுத்த வெள்ளி பாக்கி நோட்டை எடுங்கள். வேறு நம்பராக இருந்தால் ஆதார், பான், கடை முகவரிக்கான சான்று, மூன்றின் நகலிலும் வீட்டிலேயே கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு பஸ் ஏறுங்கள்.