கணினிக்குப் பக்கவாத்தியம் வாசிக்கக் கற்றுக்கொடுக்க முடியுமா?

முடியும், 40 வருடமாகச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் 'கீபோர்டில் ரிதம் போட்டால் அதுவே பக்கவாத்தியம்தானே' என்றும் கேட்டிருக்கிறீர்கள், அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவன் நான், கோயில் பஜனைக்குக் கீபோர்ட் வாசிப்பேன். ஒரு வருடம் மாரியம்மன் திருவிழாவுக்குத் தபேலாக்காரர் வரவில்லை, கீபோர்டில் தானாக ஓடும் ரிதத்தைப் போட்டுவிட்டு வாசித்தேன். பெரியம்மா ஒருவர் கண்ணை மூடி, 'தாயே' என்ற சொல்லை வழக்கம்போல இழுத்துப் பிடித்தார். ரிதம் தன் பாட்டுக்கு ஓடியது. கண்ணைத் திறந்து அவசர அவசரமாக அடுத்த வரிக்கு வந்தவர், அன்றைக்கு அப்புறம் எந்தச் சொல்லையும் இழுக்கவே இல்லை. இன்றைக்கும் அது என் மனதை உறுத்துகிறது.

கணினியைப் பக்கவாத்தியம் வாசிக்க வைக்கும் வேலையை, கணினி இசை ஆய்வாளர்களான ரோஜர் டேனன்பர்க்கும் பாரி வெர்கோவும் 1984இல் தனித்தனியாக வெளியிட்டார்கள். பாட்டின் ஸ்வரங்கள் முன்கூட்டியே கணினியிடம் இருக்கும். வாசிப்பவர் ஒரு ஸ்வரத்தை விட்டாலும் தப்பாக வாசித்தாலும், இப்போது எந்த இடத்தில் இருக்கிறார் என்று அது தேடிப் பிடித்துக் கூடவே வரும். சரி, இடம் தெரிந்தால் போதுமா? கேட்ட பிறகு வாசித்தால் பிந்திவிடும், அடுத்த ஸ்வரம் எப்போது விழும் என்று முன்னாலேயே கணிக்கவேண்டும். கிறிஸ்டோபர் ராபேல் என்பவர், தானே ஓபோ என்ற ஊதுகருவி வாசிப்பவர், ஒத்திகைகளிலிருந்து அதைக் கற்றுக்கொள்ளும்படி மென்பொருள் செய்தார்: இவர் இந்த இடத்தில் இழுப்பார், இங்கே ஓடுவார் என்று. எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது, நம் தபேலாக்காரரும் பெரியம்மாவோடு வருடக்கணக்காக உட்கார்ந்துதானே அதைப் பழகினார்.

மாசியில், மன்மதன்-ரதி கதையை ஆடும் காமன் கூத்துக்குத் தப்படிப்பவர்களைப் பாருங்கள். தீயில் தோலைக் காய்ச்சிக்கொண்டு வந்து நின்றால் கண் ரதியின் காலைவிட்டு நகராது, சில நேரம் அவர்கள் அடி மாற்றித்தான் ஆட்டமே சூடு பிடிக்கும். எழுதிவைத்த தாளக்குறிப்பு எதுவும் கிடையாது. அதனால் ஸ்வரத்தைக் கொடுத்துப் பின்தொடரச் சொல்லும் முறை அங்கே உதவாது, நம் குரலின் இழுப்பும் வளைவும்கூட அதற்குச் சிரமம்தான்.

நீங்கள் முயற்சி செய்வதென்றால் ஒரே ஆள் ஒரே பாட்டைப் பத்துத் தடவை பாடியதைப் போனில் பதிந்து, ஒவ்வொரு சொல்லும் எத்தனையாவது விநாடியில் தொடங்குகிறது என்று குறியுங்கள். எங்கள் பெரியம்மாவை வைத்து இதைத்தான் தொடங்கியிருக்கிறேன், இதுவரை நான்கு பதிவு.