இங்கிலாந்துக் கிராமப்புறத்தில் மலைச் சைக்கிள்: யாருக்கு எந்தப் பாதை?

வீட்டில் ஒருவர் புதுசு, ஒருவர் கைதேர்ந்தவர், எங்கே போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். புதியவருக்கு பீக் டிஸ்ட்ரிக்ட் என்ற மலைப்பகுதியின் மான்சல் டிரெயில். பழைய ரயில் தடம் என்பதால் ஏற்றமே தெரியாது. வழியில் வரும் ரயில் சுரங்கப்பாதைக்குள் நுழைந்ததும் சில்லென்றிருக்கும். ஓரளவு பழகியவருக்கு ஏரிகளும் மலைகளும் நிறைந்த லேக் டிஸ்ட்ரிக்டின் வின்லாட்டர் காடு. அங்கே சைக்கிள் தடங்களின் சிரமத்தை நிறத்தால் குறித்திருப்பார்கள்: நீலத் தடம் சுலபம், சிவப்பு கொஞ்சம் உலுக்கிவிடும். தொடையில் வலு இருந்தால் வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை சுண்ணாம்புக் குன்றுகள் மேல் போகும் சவுத் டவுன்ஸ் வே என்ற நெடும்பாதை, சுமார் 160 கி.மீ. மழை பெய்தால் அந்தச் சுண்ணாம்புத் தரை சோப்பு தடவியது மாதிரி வழுக்கும், முழங்கை பத்திரம்!

அப்புறம், எங்கே ஓட்டினாலும் வழிகாட்டிக் கம்பத்தைப் பாருங்கள். அதில் மஞ்சள் அம்பு இருந்தால் அது நடப்பவர்களுக்கான பாதை. நீல அம்பு போட்ட குதிரைப் பாதையில் 1968 கிராமப்புறச் சட்டப்படி சைக்கிள் ஓட்டலாம். ஆனால் குதிரைக்கும் நடப்பவருக்கும் நாம்தான் வழிவிட வேண்டும்.