பழைய ஃபைபர் படகு வாங்குமுன் அதைக் கவிழ்த்துப் பாருங்கள்

நீலாங்கரை வாசகர் ஒருவர் கேட்கிறார்: "நானும் தம்பியும் இதுவரை பிறர் படகில் பங்குக்குப் போய்வந்தோம். இப்போது காசிமேட்டில் 28 அடி பழைய ஃபைபர் படகு ஒன்று விலைக்கு வருகிறது. வஞ்சிரம், சங்கரா தூண்டிலுக்கும் வலைக்கும் 10 கடல்மைல் வரை போக எண்ணம். 9.9 எச்.பி. மோட்டார் புதிதுபோல இருக்கிறது. ஜி.பி.எஸ்., ஃபிஷ் ஃபைண்டர் இரண்டையும் சேர்த்தே தருகிறார்கள். வாங்கலாமா?"

மோட்டாரையும் கருவிகளையும் கடைசியில் பாருங்கள். மோட்டார் சரியில்லையென்றால் ஒரே நாளில் கழற்றி வேறு மாட்டிவிடலாம். மோட்டார் தொங்கும் பின்பலகைக்குள் மரம் உளுத்திருந்தால் அது கரையில் தெரியாது, அலையில்தான் தெரியும். அதனால் படகின் உடலுக்குத்தான் விலை பேச வேண்டும்.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. காசிமேட்டுப் படகு துறைமுகத் தண்ணீரில் மிதந்தபடியே காலம் கழித்திருக்கலாம். நீலாங்கரையில் அலையைத் தாண்டிப் போய், அலையோடு வந்து மணலில் மோதி இறங்க வேண்டும். பிறகு ஆட்களோ டிராக்டரோ இழுத்து மேலேற்றுவார்கள். அப்படி வாழப்போகும் படகுக்கு அடிமுதுகான ஏரா தடிமனாக இருக்க வேண்டும். துறைமுகத்தில் நன்றாக ஓடிய படகு உங்கள் மணலில் ஒரே வருடத்தில் தேய்ந்துபோகலாம்.

படகு எந்த ஆண்டு செய்தது என்று கேளுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு மிகக் குறுகிய காலத்தில் ஏராளமான ஃபைபர் படகுகள் செய்து கொடுக்கப்பட்டன. அந்த அவசரத்தில் மேட்டு (கண்ணாடி நார்ப் பாய்) அடுக்குகளைக் குறைத்துச் செய்தவையும் அவற்றில் உண்டு. அந்தக் காலத்துப் படகென்றால் சோதனையை இரட்டிப்பாக்குங்கள். புதுப் பெயிண்ட் அடித்து விற்பனைக்கு நிற்கும் படகையும் அப்படியே பாருங்கள்.

பார்க்கப் போகும்போது நாலைந்து பேரோடு போய், மோட்டாரைக் கழற்றிப் படகைக் கவிழ்க்கச் சொல்லுங்கள். கவிழ்க்க மறுக்கிற படகை வாங்க வேண்டாம். ஏராவைக் கையால் தடவிக்கொண்டே முன்முனையான அணியத்திலிருந்து பின்பக்கம்வரை போங்கள். நார் கையில் குத்தினால் மேல்பூச்சான ஜெல்கோட் போய்க் கண்ணாடி நார் வெளியே வந்துவிட்டது என்று பொருள். அது சரிசெய்யக்கூடியதுதான். ஏரா பக்கச்சுவரோடு சேரும் மடிப்பில் நீளவாக்கில் விரிசல் இருந்தால் அப்படி விடமுடியாது. அலையில் உடல் வளைந்து வளைந்து வந்த விரிசல் அது. அடுக்குகள் போதவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

பிறகு ஒரு பெரிய நாணயத்தாலோ சின்னச் சுத்தியலாலோ கைப்பிடி இடைவெளிக்கு ஒரு தட்டு என்று அடிப்பகுதி முழுக்கத் தட்டுங்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். அடுக்குகள் பிரிந்த இடம் மந்தமாகக் கேட்கும். அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டால் சேதத்தின் பரப்பு கண்ணுக்குத் தெரிந்துவிடும். துறைமுகத்தில் கிடந்த படகில் சிறு கொப்புளங்களையும் தேடுங்கள். ஒன்றைக் குத்தினால் புளித்த காடி வாசனையோடு நீர் வந்தால், நாரைப் பிடித்துவைக்கும் பிசினான ரெசினுக்குள் தண்ணீர் இறங்கத் தொடங்கியிருக்கிறது. நாலைந்து கொப்புளம் என்றால் பயமில்லை. அடிப்பகுதி முழுக்க என்றால் விட்டுவிடுங்கள்.

பின்பலகைக்கு அரைமணி நேரமாவது ஒதுக்குங்கள். இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே பிளைவுட்டோ பலகையோ வைத்துச் செய்திருப்பார்கள். போல்ட்டுத் துளைகள் வழியே உப்புத்தண்ணீர் உள்ளே போகும், உள்ளே இருக்கும் மரம் சத்தமில்லாமல் உளுக்கும். படகை நிமிர்த்தி மோட்டாரை மாட்டி, அதன் கீழ்த்தண்டைப் பிடித்து முன்னும் பின்னும் அழுத்தமாக ஆட்டுங்கள். பின்பலகை அசைந்தாலோ, மூலையில் விரிசல் திறந்து மூடினாலோ உள்ளே மரம் இல்லை. போல்ட்டைச் சுற்றிப் பழுப்பு நீர் வழிந்த தடமும் அதையே சொல்லும். சந்தேகம் தீர, விற்பவரிடம் அனுமதி கேட்டு உட்பக்கத்தில் கீழ்மூலையில் 4 மி.மீ. துளை போட்டுப் பாருங்கள். மரத்தூள் வெளிறி உலர்ந்திருந்தால் நல்லது. கறுத்து ஈரமாக வந்தால் பின்பலகையை மாற்றியே ஆகவேண்டும், அந்தச் செலவை விலையில் கழிக்க வேண்டும். மாற்றும்போது ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் 18 மி.மீ. இரண்டு தகடு போதும். ஓரங்களையும் ஒவ்வொரு துளையின் உட்சுவரையும் ரெசினால் மூடிய பிறகே போல்ட் இறங்க வேண்டும். இந்த ஒன்றை விட்டால் அதே நோய் திரும்ப வரும்.

அணியத்திலும் பின்னாலும் உள்ள மிதவை அறைகளைத் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே தெர்மாகோல் இருந்தால் எடுத்துவிடுவது நல்லது, பெட்ரோல் பட்டால் கரைந்துவிடும். பழைய ஃபோம் நீர் குடித்துக் கனத்திருக்கும். மாற்றாக, மூடி இறுகிய 20 லிட்டர் பிளாஸ்டிக் கேன்களை அடுக்கலாம். ஃபைபர் தண்ணீருக்குள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எடைதான் நிற்கும். உடல் 600 கிலோ என்றால் அதற்கு 200 கிலோ மிதப்பு வேண்டும். மோட்டார், நங்கூரத்துக்கு 50, பிடித்துத் தொங்கும் ஆட்களுக்கு 50 சேர்த்தால் 300 கிலோ, அதாவது 15 கேன். கவிழ்ந்த படகு மிதந்தால்தான் ஆளைக் கண்டுபிடிக்க முடியும். இதில் சிக்கனம் வேண்டாம்.

ஏராவை நீங்களே பலப்படுத்தலாம். கிரைண்டரால் ஜெல்கோட்டை நார் தெரியும்வரை எடுங்கள். நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவி, இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவிட்டு, அசிட்டோனால் துடையுங்கள். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட்டில் 10, 15, 20 செ.மீ. அகலத்தில் மூன்று பட்டை, படகு நீளத்துக்கு. 28 அடிக்கு இது சுமார் 1.7 கிலோ மேட்டு. ரெசின் அதைப்போல இரண்டரை மடங்கு, ஆகவே நாலேகால் கிலோ. சென்னை வெயிலில் ஒரு கிலோ ரெசினுக்கு, அதை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் 10 கிராம் போதும். சீக்கிரம் இறுக வேண்டுமென்று அதிகம் ஊற்றினால் சூடேறிச் சுருங்கி விரிசல் விடும். ஒரேயடியாகக் கலக்காமல் ஒரு கிலோ ஒரு கிலோவாகக் கலக்குங்கள். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலந்த பிறகே கேட்டலிஸ்ட்டைச் சேர்க்க வேண்டும். இரண்டையும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். பட்டறையில் வேலை தெரிந்தவர்களே இதில் காயப்பட வாய்ப்புண்டு.

இந்த வேலைக்கு பிப்ரவரி, மார்ச் ஏற்றது. அக்டோபர் முதல் டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழையில் மேட்டு ஒட்டினால் ஈரம் உள்ளே சிக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் பழுதுபார்க்க ஏறிவிடுவதால் ஆள் கிடைப்பது கடினம்.

இனி மோட்டார். 'புதிதுபோல' இருப்பது பெயிண்டாக இருக்கலாம். கியர் ஆயிலை இரண்டு சொட்டு இறக்கிப் பாருங்கள். பால்போல வந்தால் சீல் போய் தண்ணீர் நுழைந்திருக்கிறது. பெரும்பாலும் புரொப்பெல்லருக்குப் பின்னால் தூண்டில் நரம்பு சுற்றிக்கொண்டு சீலை அறுத்திருக்கும், கழற்றிப் பார்த்தால் தெரியும். இரண்டு சிலிண்டரின் கம்ப்ரெஷனும் பத்து சதவீதத்துக்கு மேல் வேறுபடக்கூடாது. ஓடும்போது குளிர்விக்கும் நீர் பக்கவாட்டுத் துளையில் தெறித்து வர வேண்டும். மணல் கலந்த கரைத்தண்ணீர், அந்த நீரை இழுத்துத் தரும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரைச் சீக்கிரம் தின்னும் என்பதால், வாங்கியவுடன் அதை மாற்றி, இனி வருடம் ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெயில் ஓடும் மாடலானால், நிறுத்துவதற்குச் சற்றுமுன் பெட்ரோலுக்கு மாற்றி ஓடவிட்டால்தான் கார்புரேட்டர் சுத்தமாகும், மறுநாள் ஒரே இழுப்பில் கிளம்பும். மாட்டும்போது புரொப்பெல்லருக்கு மேலுள்ள தட்டு படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ, ஓர் அங்குலம் கீழேயோ இருக்கட்டும். மேலே இருந்தால் காற்றை இழுத்து வீணாகச் சுற்றும். கிளாம்ப் திருகை நம்பாமல் படகோடு ஒரு சங்கிலியாலும் கட்டுங்கள்.

எரிபொருளை மூன்று பங்காகப் பிரியுங்கள். போக ஒன்று, வர ஒன்று, கையிருப்பு ஒன்று. மணிக்கு 6 கடல்மைல் வேகத்தில் 10 கடல்மைல் போக ஒரு மணி நாற்பது நிமிடம். மணிக்கு நாலரை லிட்டர் என்றால் ஒரு வழிக்கு ஏழரை, மூன்று பங்குக்கும் இருபத்திரண்டரை. வலை விட்டு அலைவதையும் சேர்த்து 30 லிட்டர் இல்லாமல் கிளம்ப வேண்டாம்.

உள்ளே பொருத்துவதில், வலை இறங்கும் பக்கத்து விளிம்பில் போல்ட்டுத் தலையோ கொக்கியோ நிற்கக்கூடாது. பி.வி.சி. குழாயை நீளவாக்கில் பிளந்து விளிம்பில் கவிழ்த்தால் வலை வழுக்கி இறங்கும். ஐஸ்பெட்டி நடுவில், தரைமட்டத்தில். நம் வெயிலுக்கு மீன் எடைக்குச் சமமாக ஐஸ் வேண்டும். நங்கூரக் கயிறு ஆழத்தைப்போல ஐந்து மடங்கு: 10 பாகம் தண்ணீருக்கு 50 பாகம் (ஒரு பாகம் 6 அடி). முனையில் 3 மீட்டர் சங்கிலி இருந்தால்தான் நங்கூரம் படுத்துப் பிடிக்கும்.

ஃபிஷ் ஃபைண்டரின் உணரியைப் பின்பலகைக்கு வெளியே திருகாதீர்கள், கரையில் இழுக்கும்போது உடைந்துபோகும். அடியில் ஃபோமோ மரமோ இல்லாத வெறும் ஃபைபர் பகுதியில், உள்ளிருந்தே குமிழ் விழாமல் எபாக்ஸியால் ஒட்டிவிடுங்கள். சிக்னல் சற்றுக் குறைந்தாலும் நீங்கள் போகும் ஆழத்துக்குப் போதும். தண்ணீரின் சூட்டை மட்டும் அது சரியாகக் காட்டாது.

சென்னைத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் உங்கள் பாதையில் குறுக்கிடலாம். ஃபைபர் ரேடாரில் சரியாகத் தெரியாது, ஆகையால் ரேடார் அலையைத் திருப்பியனுப்பும் ரிஃப்ளெக்டர் ஒன்று கம்பத்தில் தொங்கட்டும். 7 மீட்டரைத் தாண்டிய உங்கள் படகுக்கு இரவில் ஓடும்போது வெள்ளை விளக்கோடு இடப்பக்கம் சிவப்பும் வலப்பக்கம் பச்சையும் வேண்டும். வலை விட்டிருக்கும்போது மேலே சிவப்பும் கீழே வெள்ளையும் எரிய வேண்டும். வி.எச்.எஃப். வானொலி, ஆபத்து அழைப்புக்கான 16ஆம் சேனலில் நிற்கட்டும். கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093.

முன்பணம் கொடுக்குமுன் பதிவுச் சான்றிலுள்ள எண்ணும் உடலில் எழுதிய எண்ணும் ஒன்றா, படகின்மேல் கடன் நிற்கிறதா, மோட்டார் மானியத்தில் வாங்கியதா என்று கேளுங்கள். மானியமென்றால் விற்க நிபந்தனை இருக்கலாம், அந்த உத்தரவை வாங்கிப் படியுங்கள். மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் பெயர் மாற்றும்போதே, படகில் ஆபத்துச் செய்தி அனுப்பும் கருவியான டிரான்ஸ்பாண்டர் இருந்தால் அதன் பதிவையும் மாற்றுங்கள். இல்லையென்றால் நீங்கள் கடலில் ஆபத்துப் பொத்தானை அழுத்தும்போது பழைய உரிமையாளரின் வீட்டுக்குத்தான் முதலில் தொடர்பு போகும்.

எல்லாம் சரியென்றால், வலையின் எடைக்கு மணல்மூட்டை ஏற்றி, அரைமணி நேரம் முழு வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். திரும்பியதும் தரைப்பலகையைத் தூக்கி அடியில் தேங்கிய தண்ணீரை வாளியில் அளந்த பிறகு விலை பேசுங்கள்.