மங்கினால் குறைந்துவிட்டது என்று அர்த்தமா?

அன்புள்ள ஐயா,

நான் உயிரியல் ஆய்வு மாணவி. கால்சியத்தைப் பிடித்தால் பச்சையாக ஒளிரும் ஃப்ளுவோ-4 சாயத்தைச் செல்லுக்குள் ஏற்றி, 488 நானோமீட்டர் லேசரில் கால்சியத்தைப் பார்க்கிறேன். எங்கள் நுண்ணோக்கியில் அந்த ஒரு லேசர்தான். தொடங்கும்போது பளிச்சென்று இருக்கிறது. ஒரு நிமிடத்துக்குள் பாதியாக மங்கிவிடுகிறது. லேசரைக் கூட்டினால் சற்றுத் தெளிகிறது, பிறகு முன்னைவிட வேகமாக மங்குகிறது. சாயம் மட்டமானதா? வேறு எதை வாங்கலாம்? "மங்கினால் கால்சியம் குறைந்தது என்று எழுது" என்கிறார் சீனியர். இன்னொரு சந்தேகம்: நீல ஒளியில் தூண்டினாலும் புற ஊதாவில் தூண்டினாலும் சாயம் ஏன் அதே பச்சையில் ஒளிர்கிறது? ஆறு படங்களை இணைத்திருக்கிறேன்.

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்தபோது ஒரு ஆய்வேட்டைப் படித்துவிட்டு எரிச்சலில் இருந்தேன். "ஒளி குறைந்தது, ஆகவே புரதம் குறைந்தது" என்று கூசாமல் எழுதியிருந்தார்கள். அந்தக் கோபத்தில் பாதி உங்கள் மேல் விழப்போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில்லறைக் கேள்வியை முதலில் தீர்த்துவிடலாம். ஒளியை விழுங்கிய மூலக்கூறு ஆற்றலில் எவ்வளவு உயரம் ஏறினாலும், சில பிக்கோ விநாடிகளில் மிச்ச ஆற்றலைச் சுற்றியிருக்கும் நீருக்கு வெப்பமாகக் கொடுத்துவிட்டு முதல் கிளர்வு நிலையின், அதாவது அடிநிலைக்கு அடுத்த ஆற்றல் படியின், அடித்தட்டுக்கு இறங்கிவிடும். அங்கிருந்துதான் ஒளிர்கிறது. அதனால்தான் ஒரே பச்சை. 1950-ல் வேதியியலாளர் காஷா சொன்ன விதி இது. இரண்டாம் கிளர்வு நிலையிலிருந்தே ஒளிரும் அசுலீன் என்ற சேர்மம் மாதிரி அடங்காப்பிடாரிகளும் உண்டு. எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்கும். இதற்கெல்லாம் கடிதம் எழுத வேண்டாம்.

சீனியர் சொன்னதற்கு வருகிறேன். எழுதாதீர்கள்.

ஒளியை விழுங்கிய மூலக்கூறுக்கு ஒரு ஃபோட்டான் வரவு. அதைச் செலவு செய்யப் பல வழிகள் இருக்கின்றன, ஒளிர்வது அவற்றில் ஒன்று மட்டுமே. காரக் கரைசலில் இருக்கும் ஃப்ளூரசீன் என்ற சாயம் நூறு ஃபோட்டானை வாங்கினால் தொண்ணூறுக்கு மேல் ஒளியாகத் திருப்பித் தரும். அதே குடும்பத்தைச் சேர்ந்த உங்கள் ஃப்ளுவோ-4, கால்சியம் இல்லாதபோது ஏறக்குறைய ஒன்றும் தராது. விழுங்குவதில் குறை வைப்பதில்லை. கால்சியத்தைப் பிடிக்கும் பக்கத்தில் இருக்கிற நைட்ரஜன், கிளர்ந்து நிற்கும் பக்கத்துக்கு ஒரு எலக்ட்ரானைத் தள்ளிவிடுகிறது. ஒளிர்வதற்குள் கணக்கு முடிந்துபோகிறது. கால்சியம் வந்து அந்த நைட்ரஜனின் எலக்ட்ரான்களைப் பிடித்துக்கொண்டால் திருட்டு நிற்கிறது, சாயம் ஒளிர்கிறது. அதாவது நீங்கள் அளப்பது இருட்டில் போகும் செலவு அடைபட்டதை. இது தெரியாமல் பச்சையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன எழுதுவது என்று சீனியரைத்தான் கேட்க வேண்டியிருக்கும்.

நான் மாணவனாக இருந்தபோது எங்கள் ஆசிரியர் ஒருவர் நீர்த்த கந்தக அமிலத்தில் குவினைனைக் கரைத்துப் புற ஊதா விளக்கின் முன் வைப்பார். 1852-ல் இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் இதே கரைசலைத்தான் நிறமாலையின் ஊதா முனையைத் தாண்டி, கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்துக்கு நகர்த்தினார்; அது நீலமாக ஒளிர்ந்தது. எங்கள் ஆசிரியருக்கு வரலாற்றில் ஆர்வம் கிடையாது. பீக்கரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் கலக்குவார். நீலம் அணைந்துவிடும். "குவினைன் எங்கே போச்சு?" என்பார். சிதைந்துவிட்டது என்பான் ஒருவன், வீழ்படிவாகிவிட்டது என்பான் இன்னொருவன். அவர் பேசாமல் கரைசலை உறிஞ்சல் அளவியில் வைப்பார். உப்புக்கு முன்னும் பின்னும் ஒரே எண். குவினைன் அத்தனையும் அங்கேயே இருக்கிறது, முன்போலவே ஒளியை விழுங்குகிறது. ஒளிர்வதற்குள் உப்பிலிருக்கும் குளோரைடு வந்து மோதிவிடுகிறது, அவ்வளவுதான். குவினைன் கிளர்ந்து நிற்பது ஏறக்குறைய இருபது நானோ விநாடி. மோதுவதற்கு அது தாராளம். அவர் மார்க் போடுவதில் பரம கஞ்சர். ஆனால் அந்த இரண்டு எண்களையும் பார்த்த பிறகு "மங்கியது, ஆகவே குறைந்தது" என்று எழுத எனக்குக் கை வந்ததில்லை.

உங்கள் படங்களைப் பார்த்தேன். லேசர் ஆற்றலை ஏன் உச்சத்தில் வைத்திருக்கிறீர்கள்? கூட்டினால் கூடும் என்ற எண்ணம்தானே? கிளர்ந்த மூலக்கூறு நான்கு நானோ விநாடி அந்த நிலையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு ஒளியைக் கொட்டினாலும் விநாடிக்கு 25 கோடி சுற்றுக்கு மேல் அதனால் ஓட முடியாது. நடைமுறையில் அதற்கு வெகு முன்பே நின்றுவிடும், ஏனென்றால் அவ்வப்போது ஒரு மூலக்கூறு வழிமாறி மும்மை நிலை (triplet) என்ற, எளிதில் வெளியேற முடியாத இன்னொரு கிளர்வு நிலையில் போய் விழுகிறது. அங்கே மைக்ரோ விநாடிக் கணக்கில், ஒளிரும் நிலையில் இருப்பதைவிட ஆயிரம் மடங்கு நேரம், இருட்டில் கிடக்கும். கிடக்கும்போது இன்னொரு ஃபோட்டானை வாங்கினால் மேலும் கிளர்ந்து, பிணைப்பு அறுந்து, நிரந்தரமாகச் செத்துப்போகலாம். லேசரைக் கூட்டக் கூட வெளிச்சம் தயங்கித் தயங்கி ஏறுகிறது, சாவு மட்டும் பாய்ந்து ஏறுகிறது. நீங்கள் பார்த்தது இதைத்தான். சாயத்தின் மேல் பழி போடாதீர்கள்.

ஆக்சிஜனை நீக்கினால் சரியாகுமா என்று அடுத்து கேட்பீர்கள். ஆக்சிஜன் இரண்டு வேலையும் பார்க்கும். மும்மை நிலையில் கிடக்கும் மூலக்கூறை மோதி அடிநிலைக்குத் திருப்பி அனுப்புவதும் அதுதான். அப்படி அனுப்பும்போது தானே சிங்கிலெட் ஆக்சிஜன் என்ற வீரியமான வடிவமாகிச் சாயத்தையும் செல்லையும் கடித்துவைப்பதும் அதுதான். உயிருள்ள செல்லிலிருந்து அதை நீக்கிவிட்டு எதை அளக்கப்போகிறீர்கள்?

சீனியரிடம் பேசுவதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். ஒரு சிறு பரப்பைப் பெரிதாக்கி ஒரு நிமிடம் லேசரை ஓட்டுங்கள். பிறகு உருப்பெருக்கத்தைக் குறைத்து ஒரே ஒரு படம் எடுங்கள். சுற்றிலும் செல்கள் பளிச்சென்றிருக்க, நடுவில் விளிம்பு நேராக ஒரு கருப்புச் சதுரம் தெரிந்தால், அதை வரைந்தது உங்கள் லேசர். கால்சியத்துக்குச் சதுரம் போடத் தெரியாது. படம் முழுக்க ஒரே அளவில் மங்கியிருந்தால் சாயம் செல்லை விட்டுக் கசிகிறதா, குவியம் நகர்ந்துவிட்டதா என்று தேடலாம். கால்சியம் அதற்கும் அப்புறம்தான். இவ்வளவு ஒளியைக் கொட்டினால் செல் அடிபட்டு அதனாலேயே கால்சியம் ஏறும் என்பதும் நினைவிருக்கட்டும்.

வேறு சாயம் என்றால், 1985-ல் ரோஜர் சியன் குழு அறிவித்த ஃப்யூரா-2 இருக்கிறது. 340, 380 நானோமீட்டர் என்று இரண்டு அலைநீளத்தில் தூண்டி விகிதம் எடுப்பதால் மங்கல் பெருமளவு அடித்துப்போகும். உங்களிடம் இருப்பது 488 மட்டும், ஆகவே அந்தப் பேச்சே வேண்டாம். ஃப்ளுவோ-4 போதும். லேசரைப் பத்தில் ஒரு பங்காக இறக்குங்கள், படம் கொஞ்சம் புள்ளி புள்ளியாக இருந்தால் இருக்கட்டும். தொடர்ந்து ஓட்டாமல் இடைவெளி விட்டு எடுங்கள். கடைசியில் செல்லுக்குள் கால்சியத்தை ஏற்றிவிடும் அயனோமைசினும் கால்சியமும் போட்டு உச்ச அளவையும், கால்சியத்தைக் கட்டிப்போடும் ஈஜிடிஏ போட்டுக் கீழ் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு கோடும் இல்லாத கால்சியம் வரைபடத்தை இனி எனக்கு அனுப்ப வேண்டாம். அவை இருந்தால் எத்தனை படம் வேண்டுமானாலும் அனுப்புங்கள், உட்கார்ந்து பார்க்கிறேன்.