ஜிபிஎஸ் செயற்கைக்கோளுக்கு நாம் இருக்கும் இடம் தெரியுமா?

தெரியாது. ஜிபிஎஸ் என்பது சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் தங்கள் இருப்பிடத்தையும் நேரத்தையும் ஓயாமல் அறிவிக்கும் ஏற்பாடு. போன் அதைக் கேட்க மட்டுமே செய்கிறது. ரேடியோ கேட்பவர் யாரென்று வானொலி நிலையத்துக்குத் தெரியாதல்லவா, அதுபோலத்தான். சிக்னல் வந்துசேர எடுத்த நேரத்தை வைத்துத் தொலைவைப் போனே கணக்கிடும். இடம் அறிய மூன்று செயற்கைக்கோள்கள், போன் கடிகாரத்தின் பிழையைத் திருத்த நான்காவது. ஒரு மைக்ரோ விநாடி (விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) பிசகினாலே தொலைவில் 300 மீட்டர் தப்பும்.

இடத்தை வெளியே அனுப்புபவை செயலிகள். செட்டிங்ஸில் இருப்பிட அனுமதியைத் திறந்து, ‘எப்போதும்’ என்றிருப்பதை ‘பயன்படுத்தும்போது மட்டும்’ என மாற்றுங்கள். டார்ச் செயலிக்கு இருப்பிடம் எதற்கு? மறுத்துவிடுங்கள்.

ஜிபிஎஸ்ஸை அணைத்தால் மறைந்துவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள்; போன் எந்த செல்போன் கோபுரத்தோடு இணைந்திருக்கிறது என்பது நெட்வொர்க் நிறுவனத்துக்கு அப்போதும் தெரியும்.